கேட்டு வாங்கிய நம்பர்

அந்த நம்பரைக் கேட்டு வாங்கியது செல்லக்கிளிதான். பின்னால் யார் கேட்டபோதும் அவள் இதை மறுக்கவில்லை. மறுப்பதற்கு முதலில் வாய் வர வேண்டுமே.

மதுரையிலிருந்து திருநெல்வேலி போகிற ரோட்டில் திருநகரைத் தாண்டி, திருமங்கலத்தையும் தாண்டி, சீட்டில் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டால் தவறிப்போகிற இடம் ஆவாரங்குளம் விலக்கு. ரோட்டுக்கு மேற்கே ஊர். ஊருக்கு மேற்கே குளம். குளத்துக்கு மேற்கே வயல். ரோட்டோரத்தில் ஒரு வேப்பமரம், அதில் தொங்கும் வழுக்கை டயர், டயருக்குக் கீழே தகரக் கூரை போட்ட பஞ்சர் கடை. கடையின் முதலாளி, தொழிலாளி, வாட்ச்மேன் எல்லாம் அழகுமலை. கடைக்குப் பின்சுவரை ஒட்டி அவன் வீடு.

அழகுமலையின் அப்பன் ஆயுசு முழுக்க அடுத்தவன் வயலில் நின்றவர். அந்தச் சேறு வேண்டாம் என்று பழங்காநத்தத்தில் ஒரு வல்கனைசிங் பட்டறைக்கு ஓடிப்போய் டயர் கழற்றக் கற்றவன் அழகுமலை. அவன் பெண்டாட்டி செல்லக்கிளி அப்படியே திருப்பி நினைத்தாள். அடுத்தவன் வயல் வேண்டாம், சொந்த வயல் வேண்டும். குளத்துக்கு மேற்கே முக்கால் ஏக்கர் மேட்டுநிலம் வாங்கும்வரை அவள் அவனை நிம்மதியாகத் தூங்கவிடவில்லை. வாங்கிய பிறகும் தூங்கவிடவில்லை. கிணறு வெட்ட வேண்டியிருந்தது. கோடை கோடையாக அவளும் அவனும் அவள் தம்பிமாரும் வெட்டினார்கள். பாறை வந்தது. வெடி வைத்தார்கள். இன்னொரு பாறை வந்தது. தண்ணீர் ஊறின அன்று அழகுமலை கிணற்றுக்குள் உட்கார்ந்து அழுதான் என்று செல்லக்கிளி சொல்வாள். வேர்வை என்று அவன் சொல்வான். தங்கச்சிமடத்திலிருந்து பதியன் கொண்டுவந்து மல்லிகை நட்டார்கள். அந்தப் பூவில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. பஞ்சர் கடையில் அழகுமலையின் கௌரவம் மட்டும் எரிந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டு கடைசியில் இந்த ரோடு நாலு வழிச் சாலையாகப் போகிறது என்ற செய்தியை ஊருக்குக் கொண்டுவந்தவர் கருத்தக்கண்ணன். பஞ்சாயத்துத் தலைவராக இருந்து தோற்றவர். தோற்ற செய்தியை அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அதில் ‘தலைவர்’ என்று எழுதியது எழுதியபடியே இருந்தது.

"டெல்லி வரைக்கும் பேசிக் கொண்டாந்துருக்கேன்டா அழகுமல. மதுரச் சீமையும் நெல்லச் சீமையும் இனிமே ஒரே வீடு. மதுரையில இட்லி தின்னுட்டுத் திருநெல்வேலியில போயிக் கை கழுவலாம்" என்றார், ஓசியில் காற்றடித்துக்கொண்டே.

நடுவில் குடியிருக்கிறவன் என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. திட்டத்தில் இட்லி தின்கிறவனும் கை கழுவுகிறவனும் மட்டுமே இருந்தார்கள்.

அழகுமலைக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. அன்று கஞ்சி குடிக்க உட்கார்ந்தவன் கணக்குப் போட்டுக் காட்டினான்.

"நாலு வழின்னா நாலு மடங்கு லாரி. நாலு மடங்கு லாரின்னா நாலு மடங்கு பஞ்சர். விளங்குதா?"

"புது ரோட்டுல எதுக்குப் பஞ்சராகப் போகுது?" என்றாள் செல்லக்கிளி.

"ரோடுதான் புதுசு. ஆணி பழசுதான?"

மார்கழி வெயில் இதமாக இருந்த ஒரு நாள், மல்லிகைக்குக் கவாத்து முடித்துவிட்டு வெட்டிய குச்சிகளை விறகுக்குக் கட்டித் தூக்கிக்கொண்டு செல்லக்கிளி வீட்டுக்கு வந்தபோது, பஞ்சர் கடைத் தூணில் ஒருவன் மஞ்சள் பெயிண்டால் ஏழு என்று நம்பர் போட்டுக்கொண்டிருந்தான். ரோடு போடத் திட்டம் தயாரிக்கிற ஏதோ ஒரு கம்பெனியின் தினக்கூலி. பெயர் மருது. கோரிப்பாளையத்துப் பக்கம் வீடு. வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை.

சுவரில் விழுகிற நம்பரைப் பற்றி ஆவாரங்குளத்தாருக்குத் திடமான ஒரு கருத்து இருந்தது. நம்பர் விழுந்த வீட்டுக்கு ஏதாவது ஒன்று வந்துசேரும். ஜனத்தொகைக்காரர்கள் போட்டார்கள், ரேஷன் கார்டில் பேர் ஏறியது. கொசு மருந்துக்காரர்கள் போட்டார்கள்; கொசு சாகவில்லை என்றாலும் மருந்து வந்தது. தொகுப்பு வீட்டுக்கு நம்பர் போட்ட வருஷம் மட்டும் செல்லக்கிளி குடும்பம் கரும்பு வெட்ட வெளியூர் போயிருந்தது. பூட்டின வீட்டுக்கு நம்பர் இல்லை. நம்பர் இல்லாத வீட்டுக்கு காங்கிரீட்டும் இல்லை. தெருவெல்லாம் காரை வீடாக நிமிர்ந்தபோது அவள் மட்டும் ஓலைக்குக் கீழே குனிந்து குனிந்து நுழைந்தாள். சொந்தக் கையால் கட்டிய இப்போதைய ஓட்டு வீடு வந்த பிறகும் அந்தக் குனிவு அவள் முதுகில் மிச்சமிருந்தது.

"ஏப்பா, கடைக்கு மட்டும் போட்டுட்டுப் போற. வீடு என்ன பாவம் பண்ணுச்சு?"

"கோடு கடையோட நின்னுருச்சுக்கா. வீடு உள்ள வரல."

"எந்தக் கோடு?"

மருது விரலால் காற்றில் வடக்கிலிருந்து தெற்காக ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினான். காற்றில் இழுத்த கோட்டைச் செல்லக்கிளி ஏற்றுக்கொள்ளவில்லை.

"எதுக்கு இந்த நம்பரு?"

"அது எனக்கே தெரியாதுக்கா. உள்ள இருந்தா போடுன்னாக. போடுறேன்."

"அப்ப நாங்க மட்டும் வெளிய நிக்கணும்? போன தடவயும் இப்பிடித்தான் ஏமாந்தோம். நீ ஒக்காரு. மொதல்ல சாப்புடு."

கேப்பைக்களியும் கருவாட்டுக் குழம்பும். மருது விடிகாலையில் ஒரு டீ குடித்ததோடு சரி. முதல் உருண்டையில் அவன் கொள்கை ஆட்டம் கண்டது. இரண்டாவது உருண்டையில் விழுந்தது. செல்லக்கிளி வாசல் சுவரில் ஒட்டடை போக முந்தானையால் துடைத்துவிட்டு, "இங்க போடு, காரை நல்லா இருக்கு, பெயிண்டு பிடிக்கும்" என்று இடம் காட்டினாள். அவனும் போட்டான்.

பக்கத்து வீட்டு மலையம்மாள் இதைப் பார்த்துவிட்டாள்.

"அடி ஆத்தி! களியக் கிண்டிப் போட்டு நம்பர் வாங்கிட்டியா? எங்களுக்கெல்லாம் சட்டி இல்லையாக்கும்?"

சாயங்காலத்துக்குள் மருது முறுக்கு, அவித்த கடலை, இரண்டு இடத்தில் முட்டை, ஒரு இடத்தில் கோழிக் குழம்பு என்று ஊர் முழுக்கச் சாப்பிட்டு ஊர் முழுக்க நம்பர் போட்டான். மலையம்மாள் ஆட்டுக் கொட்டத்துக்கும் சேர்த்து வாங்கினாள். கருத்தக்கண்ணன் தன் வீட்டுக்கு ஒன்றும் டிராக்டர் கொட்டகைக்கு ஒன்றுமாக இரண்டு வாங்கினார். மற்றவர்களுடையதைவிடப் பெரிய எழுத்தில்.

இரண்டொரு நாளில் எஞ்சினியர் பத்ரிநாத் ஜீப்பில் வந்தார். சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரர். வீட்டில் ஒரு பாஷை, ஆபீஸில் இங்கிலீஷ், இரண்டுக்கும் நடுவில் நேரம் கிடைத்தால் தமிழ். ரோட்டில் ஒரு தூசிப்படலம் நின்றுகொண்டிருந்ததால் அவர் இறங்கவில்லை. ஜன்னல் கண்ணாடி வழியே சுவர்களைப் பார்த்து, நம்பர்களை எண்ணி, பொங்கலுக்கு முன்னால் அறிக்கை கொடுக்க வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அளக்கிற நாடா பின் சீட்டில் சுருண்டு படுத்திருந்தது.

பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது நம்பரைச் சுற்றிச் சதுரமாக விட்டுவிட்டு அடித்தாள் செல்லக்கிளி. வீடே நெற்றியில் பொட்டு வைத்தது போலிருந்தது.

பங்குனியில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று தண்டோரா போட்டார்கள். கருத்து என்று ஒன்று நம்மிடம் இருப்பதாக அரசாங்கம் நினைக்கிறதே என்ற சந்தோஷத்தில் ஊரே ஒரு மினி லாரியில் ஏறித் திருமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனது. மேடையில் முந்தின நாள் கல்யாணத்து தெர்மோகோல் எழுத்துகள் அப்படியே இருந்தன. ‘ஹரிஷ்குமார் – இந்துப்ரியா’ என்பதற்குக் கீழே அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

முதலில் கருத்தக்கண்ணன் பேசினார். கையில் ஒரு பொன்னாடை. "இந்த மாபெரும் திட்டத்தை எங்கள் மண்ணுக்கு..." என்று தொடங்கி அவர் டெல்லிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் டீ ஆறிவிட்டது. பிறகு பத்ரிநாத் திரையில் வரைபடம் காட்டினார். கறுப்புக் கோடு, சிவப்புக் கோடு, பச்சைப் புள்ளிகள். கடைசியில் சொன்னார்:

"நம்பர் இடப்பட்ட கட்டடங்கள் அனைத்தும் அகற்றப்படும்."

மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அகத்தப்படும்னா?" என்று கேட்டாள் மலையம்மாள், பக்கத்திலிருந்த செல்லக்கிளியிடம். "வெள்ளையடிச்சுத் தருவாகளோ?"

செல்லக்கிளி டீயில் முக்கிய பிஸ்கட் பாதி கரைந்து டம்ளருக்குள் விழுந்தது. மிச்சப் பாதியை அவள் விரலில் பிடித்தபடியே இருந்தாள்.

அழகுமலை எழுந்தான். "சார், இடிக்கிறதுக்கா நம்பரு?"

"இடிக்கிறதுக்குத்தான். இழப்பீடு சட்டப்படி—"

அதற்குமேல் அவர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. ஒரே நேரத்தில் அம்புட்டுப் பேரும் எழுந்தார்கள். ஆனால் யாரும் சத்தம் போடவில்லை. அடி விழுந்த இடம் முதலில் மரத்துத்தானே போகிறது. மேடையில் கருத்தக்கண்ணன்தான் முதலில் வாய் திறந்தார்.

"எனக்கு ரெண்டு நம்பருங்க" என்றார், யாரிடமும் இல்லாமல். போர்த்த வைத்திருந்த பொன்னாடையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து செல்லக்கிளி உலை வைத்துவிட்டு அதை மறந்துபோனாள். அடுப்பில் சோறு குழைந்து களியாகிவிட்டிருந்தது. அதைப் பார்த்ததும் செல்லக்கிளிக்கு வாய் வந்தது.

"நாந்தேன் கேட்டு வாங்குனேன்."

"கேட்டா வாங்குன? களி கிண்டி, கருவாடு பொரிச்சுல்ல வாங்குன."

"பொரிக்கல. குழம்பு."

"ரொம்ப முக்கியம்."

"ஊரே வாங்குச்சே. நான் ஒருத்தி மட்டுமா?"

"ஊரு உன்னயப் பாத்துத்தான வாங்குச்சு. மலையம்மா மதினி ஆட்டுக்கும் வாங்கிருக்கு. ஆடு என்னடி பண்ணுச்சு?"

செல்லக்கிளிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. அழகுமலை எழுந்து போய்ச் சுவரில் இருந்த நம்பரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றான்.

"விடு. அழாத. வீடு போனா என்ன, கெணறு இருக்கு. தோட்டத்துல ஒரு கொட்டகையப் போட்டு ஒக்காந்துக்கிருவோம்."

"கெணறு இருக்குல்ல?" என்று அவள் திருப்பிக் கேட்டாள், உறுதிக்கு.

"அத எவன் தூக்கிட்டுப் போவான்? பாறைல்ல."

அடுத்த மாதம் முழுக்கப் போராட்டம். உண்ணாவிரதம் இருந்தார்கள், காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில். மறியல் செய்தார்கள், நின்றுபோன லாரிகளில் இரண்டுக்கு அழகுமலையே பஞ்சர் பார்த்தான். கருத்தக்கண்ணன் வேப்பமரத்தடியில் ஒரு பழைய டயர் மேல் ஏறி நின்று, "உயிரக் குடுப்போம், ஒத்தச் செங்கலக் குடுக்க மாட்டோம்! ரோட்டத் தள்ளிப் போடு!" என்றார். ஊரும் ஒரே குரலில் தள்ளிப் போடு, தள்ளிப் போடு என்றது. எல்லோருக்கும் மேலே கேட்டது செல்லக்கிளியின் குரல். முதலில் கேட்டு வாங்கியவள் அவள்தானே.

எங்கே தள்ளுவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அது எஞ்சினியர் வேலை.

சித்திரைக் கடைசியில் செய்தி வந்தது. ஊர் இடிபடாது. ரோடு தள்ளிப் போகிறது. அன்று வெடி வெடித்தார்கள். கருத்தக்கண்ணனுக்கு மாலை விழுந்தது. ரோட்டைக் கொண்டுவந்ததும் அவர், தள்ளிவைத்ததும் அவர் என்று ஒரே சுவரொட்டியில் அச்சடித்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர் யாருமில்லை. செல்லக்கிளி தேங்காய் நாரும் செங்கல்பொடியும் எடுத்து வாசல் சுவரில் நம்பரைத் தேய்த்தாள். பெயிண்டு நன்றாகப் பிடித்திருந்தது. காரையோடு பெயர்த்துத்தான் எடுக்க முடிந்தது.

வைகாசி மல்லிகை சும்மா இருக்காது. விடியும் முன் மொக்காக எடுத்தால் பூ. வெயில் ஏறி வாய் திறந்துவிட்டால் குப்பை. அன்றும் அப்படித்தான் செல்லக்கிளி இடுப்பில் மடி கட்டிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் பறித்துக்கொண்டிருந்தாள். கிழக்கே பனைகளுக்கு நடுவில் வெளுத்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் வரப்பின் மேல் ஒருவன் நடந்து வந்தான். ஒரு கையில் வெள்ளைக் கொடிகள். இன்னொரு கையில் டப்பா.

மருது. அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான். பின்னால், ஜீப் வரப்பில் ஏறாது என்பதால், பத்ரிநாத் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

"இது உங்க நெலமாம்மா?"

"ஆமா சார். என்ன வேணும்?"

"ஊரை விட்டுத் தள்ளிப் போடச் சொன்னீங்கல்ல? தள்ளியாச்சு."

"எங்க?"

அவர் வெறும் காலை வரப்பில் ஊன்றிக்கொண்டு விரலால் காற்றில் வடக்கிலிருந்து தெற்காக ஒரு இழுப்பு இழுத்தார். வடகோடிப் பனையிலிருந்து தொடங்கிய விரல் மோட்டார் அறையின் மேலே, கிணற்றின் மேலே, மல்லிகைப் பாத்திகளின் மேலே, அவள் தலைக்கு மேலே போய் அந்தப் பக்கம் இறங்கியது.

செல்லக்கிளி அந்தக் கோட்டைப் பார்த்தாள். இந்தத் தடவை அது தெரிந்தது.

பூவை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக அழகுமலை சைக்கிளை வரப்பில் உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். யாரும் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை, கொடிகளே விளக்கின. அவன் கேட்டது வேறு.

"சார், அப்ப பழைய ரோடு?"

"அது இருக்கும். உள்ளூர் வண்டிங்க போகலாம்."

"லாரி?"

"லாரியெல்லாம் இதுல போயிரும். நடுவுல எங்கயும் நிக்க வேண்டியதில்ல. மேடு கட்டி மேல போகுது."

அழகுமலை சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டான். போட்டதை மறுபடி எடுத்தான். மறுபடி போட்டான்.

"சார்" என்றாள் செல்லக்கிளி. "மொதல்ல போட்ட கோட்டுல எங்க வீடு இருந்துச்சா?"

பத்ரிநாத் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அதற்கு வேண்டிய அக்கறை அவருக்கு இல்லை.

"ஆரம்பத்துல ரோட்டோரம் பத்துப் பன்னிரண்டு இடந்தான் வந்துச்சும்மா. உங்க பஞ்சர் ஷெட்டு, ஒரு டீக்கடை, பஸ் ஸ்டாப்பு. அப்புறம் வந்து பாத்தா அறுபத்து மூணு கட்டடத்துக்கு நம்பர் இருக்கு. அவ்வளவு கட்டடத்த இடிக்கிறது பெரிய பிரச்சனை. நீங்களும் போராட்டம் பண்ணீங்க. வயலுன்னா சுலபம். யாரும் இல்லாத எடம்."

யாரும் இல்லாத இடத்தில் செல்லக்கிளி மடி நிறைய மொக்கோடு நின்றாள். அழகுமலை அவளைப் பார்க்கவில்லை. அவன் பார்த்திருந்தால் அவள் விழுந்திருப்பாள். அவன் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டு, பாறை, பாறை என்று ஏதோ முணுமுணுத்தான்.

மருதுவுக்குத் தலை நிமிரவில்லை. "அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா" என்றான். "அன்னைக்கிச் சோத்தக் கண்டதும்... எனக்குத் தெரியாதுக்கா."

"ஏம்ப்பா நிக்கிற, போடு. வெயிலுக்கு முந்தி குளத்துக்கரை முடிக்கணும்" என்றார் பத்ரிநாத், முள்ளிலிருந்து காலை எடுத்துக்கொண்டே.

மருது மோட்டார் அறைச் சுவருக்கு முன்னால் போய் நின்றான். டப்பாவைத் திறந்தான். பிரஷ்ஷை முக்கினான். பெயிண்டு நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. கை மேலே போகவில்லை.

"சாப்ட்டியா?" என்றாள் செல்லக்கிளி.

அவன் இல்லை என்றும் ஆமாம் என்றும் தலையாட்டினான்.

"தூக்குவாளியில பழையது இருக்கு. அந்தப் புங்கமரத்துக்குக் கீழ. போயிக் குடிச்சிட்டு வந்து போடு."

"வேணாங்க்கா."

"அன்னைக்கும் சாப்ட்டுத்தான போட்ட."

அவன் அசையவில்லை. வெயில் பனைகளின் தலையில் ஏறிவிட்டது. அவள் மடிக்குள் மொக்குகள் ஒவ்வொன்றாக வாய் திறக்கத் தொடங்கி, வாசம் எழும்பியது. அதை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியவன் சைக்கிள் ஸ்டாண்டைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தான்.

செல்லக்கிளி மெல்ல நடந்து சுவரருகே வந்தாள். கீழ்ப்பக்கம் காரை பெயர்ந்து கிடந்தது. மேலே, கதவை ஒட்டி, ஒரு முழம் நன்றாக இருந்தது. அவள் கை தானாக இடுப்புக்குப் போய் முந்தானையை எடுத்து அந்த இடத்து ஒட்டடையைத் துடைத்தது. துடைத்து முடித்து, விரலால் அந்த இடத்தைத் தட்டியும் காட்டிவிட்ட பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, என்ன செய்கிறோம் என்று.

விரலைச் சுவரிலிருந்து எடுக்க அவளால் முடியவில்லை.